டீசலைத் துடைக்கிறவர்

அத்தான் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் உள்ளே பார்க்கிறார். ஜாடியில் இருப்பது டீசல். மூன்று நாட்களாக அலமாரியில் அசையாமல் இருந்தது. அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மாள் உடைந்த மூக்குக்கண்ணாடியோடு காத்திருக்கிறார். அது என்ன மருந்து என்று என்னிடம் சைகையில் கேட்கிறார். வண்டிக்கு என்று நானும் சைகையிலேயே சொல்கிறேன். அந்த அம்மாள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்.

“அடியில தூசி நிக்குது பாரு,” என்கிறார் அத்தான் என்னிடம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “உனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிய முதல்ல கழட்டு.” என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே கழற்றி, துடைத்து, மாட்டிவிடுகிறார். இப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை.

இவர் என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான், கடைத்தெருவுக்குக் கண்ணாடிக்காரர். பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதால் என்னை அவர் ‘எழுத்துக்காரி’ என்றுதான் கூப்பிடுவார். கடை ஆறடி அகலம்தான். ஒரு பக்கச் சுவரில் பெரியதும் சின்னதுமாக எழுத்துகள் உள்ள பலகை, எதிர்ச் சுவரில் ஃப்ரேம்கள், நடுவில் லென்ஸ் தீட்டும் கல். கல் சுற்றும்போது அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு மணல் துகள் வந்தால் போதும், லென்ஸில் கோடு விழுந்து அரைநாள் உழைப்பு வீணாகிவிடும். அதனால் தூசியும் அவரும் பரம விரோதிகள். உட்காரும் முன் நாற்காலியை ஊதுவார். டீ ஊற்றும் முன் டம்ளரை ஊதுவார். பேச்சுக்கு நடுவே எதிரில் இருப்பவரின் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அப்படித் துடைத்து மாட்டிவிட்டார். அந்த மனிதர் பக்கத்தில் இருந்த ஒருவரை உற்றுப் பார்த்து, உங்களை நாங்கள் கூப்பிடவே இல்லையே என்று கேட்டுவிட்டார்.

சட்டைப்பையில் எப்போதும் இரண்டு துணிகள் இருக்கும். வெள்ளை கண்ணாடிக்கு, மஞ்சள் மற்ற எல்லாவற்றுக்கும். அக்கா ஒருநாள் வெள்ளைத் துணியால் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான் என்று அவளே சொல்வாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்ததுதான் அந்தப் பழைய டீசல் பிக்கப். அக்கா ஊரின் விளிம்பில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். பூச்செடி, பழச்செடி எல்லாம் தட்டுத் தட்டாக வளரும். அவற்றை ஏற்றிப் போகத்தான் கல்யாணமான வருடத்திலேயே வண்டியை வாங்கினார்கள். அப்போதே அது இரண்டாம் கை. ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டங்களுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. மலைமேல் ஏறச் சொன்னால்தான் அதற்குக் கோபம் வரும். பாரத்தோடு ஏறினால் ஏழாவது வளைவில் இருமி, குலுங்கி, நின்றுவிடும்.

நின்றதும் அத்தான் செய்வதற்கு ஒரு முறை உண்டு. இறங்குவார். பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறப்பார். ஒரு குச்சியை விட்டு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், குச்சியை மஞ்சள் துணியால் துடைப்பார், மூடியைத் திருகுவார். வந்து சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். “வயசாச்சுல்ல. அதுக்கு மூச்சு வாங்குது, ரெண்டு நிமிஷம் உக்காந்தா சரியாயிடும்,” என்பார், ஏதோ பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போல. ஓடும்போது வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது. எஞ்சின் சத்தத்தில் ஏதாவது மாறினால் அவருக்குக் கேட்க வேண்டும். அக்காவும் நானும் அந்த வண்டியில் போய்வந்த தூரமெல்லாம் ஊமைப் பயணம்தான்.

நான்கு வருடங்களாக இது நடந்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டாமல் இல்லை. டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்ப் தளர்ந்துவிட்டது என்று இரண்டு முறை மாற்றினார்கள். ஏழாவது வளைவு மாறவில்லை. போன மாதம் மூடியைத் திறந்து மூடியும் வண்டி சட்டென்று கிளம்பவில்லை, பேட்டரியும் சேர்ந்து மக்கர் செய்தது. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றதில் முந்நூறு நாற்றும் தலை தொங்கிப் போயின. அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுப் பழைய இரும்புக்காரருக்கு போன் செய்தாள்.

அவர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவில் இரண்டு தட்டுத் தட்டி, வரும் திங்களோ அடுத்த திங்களோ எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் அக்கா பேச்சை எடுத்தாள். மலைமேல் உள்ள பள்ளிக்கூடத்துக்குத் தோட்டம் போட ஆயிரத்து இருநூறு நாற்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும்.

“இந்த வண்டியிலயே போலாம்,” என்றாள். “ஆனா வழியில ஒரு தடவ நின்னாலும், மறுநாள் காலையில அவர் வந்து எடுத்துட்டுப் போவார். நீங்க தடுக்கக் கூடாது.”

“நிக்காது,” என்றார் அத்தான். அன்றைக்கு நாற்காலியை ஊதாமலே உட்கார்ந்தார்.

டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் டீசல் வருகிற வழி முழுவதையும் புதிதாகப் போடுவது என்று முடிவெடுத்தார். அதுவும் தன் கையாலேயே. மறுநாளிலிருந்து கடையை நான்கு மணிக்கே சாத்தினார். எஞ்சினோடு ஒட்டியிருந்த பம்புக்குப் பதிலாக, டேங்குக்குப் பக்கத்திலேயே ஒரு மின்சாரப் பம்ப். இருந்த ஒற்றை பில்டருக்குப் பதிலாக இரண்டு. அதில் ஒன்றுக்கு அடியில் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. டீசலில் தண்ணீர் இருந்தால் கிண்ணத்தில் இறங்கி நிற்கும், கண்ணால் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து அவர் அந்த பில்டரை வாங்கியதே அந்தக் கிண்ணத்துக்காகத்தான். விறைத்துப் போன ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினார். எஞ்சினுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாய் போட்டார். டீசலோடு காற்றுக் குமிழி போனால் அதில் தெரியும்.

கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடுகளில் போட்டு வைத்தார். கூட்டின் மேல் கண் பரிசோதனைச் சீட்டில் எழுதுகிற மாதிரியே எழுதினார்: வலது, இரண்டு நட்டு, இடது, ஒரு கிளிப். கடையிலும் கூடு, வீட்டிலும் கூடு என்று ஆனபோது நடக்க வேண்டியது நடந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் புதுக் கண்ணாடியை வாங்கிப்போய், வீட்டில் பேப்பரை விரித்து வைத்துக் கூட்டைத் திறந்திருக்கிறார். உள்ளே நான்கு செம்பு வாஷர்கள். கோபமாகக் கடைக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தான் அவரது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நன்றி சொன்னார். வந்தவர் திட்ட வந்ததை மறந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

எஞ்சினுக்குள் டீசலைப் பூப்போலத் தூவுகிற இன்ஜெக்டர்கள் நான்கையும் பம்ப் கடைக்குச் சீர்செய்யக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார். வெள்ளைத் துணியில்! பம்ப் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். பிறகு ஒரு இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் மாட்டி, கைப்பிடியை அழுத்திக் காட்டினார். நுனியிலிருந்து சீராகப் புகை போலத் தூவியது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் காட்டச் சொன்னார். ஏழு தரம் பார்த்தார். சொந்தத்தில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனபோதுகூட அவர் முகத்தில் இவ்வளவு பூரிப்பைப் பார்த்ததில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

எல்லாம் மாட்டி முடித்த நாள் சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். சாவியைப் பாதி திருப்பியதும் பின்னாலிருந்து ‘உம்ம்’ என்று புதுப் பம்ப் முனகியது. ஒளி ஊடுருவும் குழாயில் குமிழிகள் வரிசையாக ஓடின. பிறகு இடைவெளி விட்டு ஓடின. பிறகு ஒன்றே ஒன்று வந்து, தயங்கி, போனது. அதற்குப் பிறகு சுத்தமான, வெளிர்மஞ்சள் டீசல் மட்டும். சாவியை முழுவதும் திருப்பினார். எஞ்சின் பிடித்தது பார், அப்படி ஒரு பிடி. அக்கா தன்னை மறந்து கை தட்டிவிட்டு, உடனே கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், தான் தட்டவே இல்லை என்பது போல.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வெள்ளோட்டம். பின்னால் ஈரமண் மூட்டைகளை நாற்றின் பாரத்துக்குச் சமமாக ஏற்றி, ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் ஓட்டுவது என்று ஏற்பாடு. மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். நான் வழக்கம் போல நடுவில், கியருக்குக் கால் ஒதுக்கிக்கொண்டு. அரைமணி நேரம் வண்டி பறந்தது. அத்தான் பேசவில்லை, ஆனால் அவர் தோள் பேசியது. மேட்டில் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே ஏறினார். அப்போதுதான் பின்னாலிருந்து ‘டொங்’ என்று ஒரு சத்தம். பெரிய தகர டின்னை யாரோ மிதித்த மாதிரி. வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடியே இருந்தார். மூன்று வாரம் நான்கு மணிக்குக் கடையைச் சாத்திய மனிதர். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. பாவம், திங்கட்கிழமையை அவர் அப்போதே பார்த்துவிட்டார்.

இறங்கிப் பின்னால் போனார். நாங்களும் போனோம். டேங்கின் பக்கவாட்டுத் தகடு கையளவுக்கு உள்ளே குழிந்திருந்தது. வெளியிலிருந்து எதுவும் இடித்த தடயம் இல்லை, ஒரு கீறல் இல்லை. அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் மூடியைத் திருகினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி குழிந்த தகடு ‘டப்’ என்று பாதி வெளியே வந்தது.

“அது என்ன சத்தம்?” என்றாள் அக்கா.

“எது? ஸ்ஸ்ஸுன்னு வந்ததா? அது எப்பவும் வர்றதுதான்.”

“எப்பவுமா?”

“நாலு வருஷமா வருது. அதுக்கு மூச்சு...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அக்கா மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் தாள், அழகாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். சுற்றி ரப்பர் வளையம். அதற்கு மேல் நூல் கட்டு. இவ்வளவு நேர்த்தியாகக் கட்ட எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், மூடியில் இருக்கிற ஊசித்துளை வழியாகத் தூசியும் தண்ணீரும் இறங்கிவிடும் என்று அவர் போட்ட காப்பு. பெட்ரோல் பங்கிலும் ஒர்க்‌ஷாப்பிலும் மூடியை அவரைத் தவிர யாரும் தொட முடியாது. எனவே யாரும் பார்க்கவுமில்லை.

“நம்ம பண்ணையில தண்ணி ட்ரம் இருக்குல்ல,” என்றாள் அக்கா, நிதானமாக. “அந்த மூடியில நான் எதுக்குங்க ஆணியால ஓட்ட போட்டு வச்சிருக்கேன்?”

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மூடியை இறுக்கி மூடினால் கொஞ்ச நேரத்தில் ட்ரம்மின் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். மேலே காற்று உள்ளே போனால்தான் கீழே தண்ணீர் வெளியே வரும். டீசலுக்கும் அதே நியாயம்தான். பழைய பம்ப் ஒரு அளவுக்கு இழுத்துப் பார்த்து, முடியாமல் ஏழாவது வளைவில் கையை விரித்தது. புதுப் பம்ப் விடாப்பிடியாக இழுத்து டேங்கையே உள்ளே வாங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்பியது ஓய்வு அல்ல, அவர் திறந்து மூடிய அந்த மூடி.

அத்தான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். அக்காவின் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். குழிந்த டேங்கைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. ஐயோ, மனிதர் அழுகிறார் என்று நான் பதறிப் பக்கத்தில் போனால், சிரிக்கிறார். சத்தம் வராமல் ஆரம்பித்து, பிறகு சத்தத்தோடு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “நாலு வருஷமா நானே அது கழுத்தப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்குது மூச்சு வாங்குதுன்னு...” அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கண்ணாடியில் கண்ணீர் வழிந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கறாராக நிற்கப் பார்த்தாள், அரை நிமிடம் தாக்குப் பிடித்தாள். பிறகு மூன்று பேரும் நடுச்சாலையில் சிரித்த சிரிப்பில், எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

பிளாஸ்டிக்கை அங்கேயே கிழித்தெறிந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மூடியைக் கைக்குட்டையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெறும் துளையாக விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாயை எடுத்து, மேலே தூக்கி, நுனியைக் கீழே வளைத்து, அதில் ஒரு சின்னப் பஞ்சு பில்டரை மாட்டினார். காற்று போகலாம், ஆனால் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள் அக்கா.

ஞாயிறு காலை ஆயிரத்து இருநூறு நாற்றோடு கிளம்பினோம். வழக்கம் போல வாய்ப்பூட்டு. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். ஆறாவதில் அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்று போனால் அவளுக்கு மறுபடி விதைக்கத் தெரியும். அவள் பயந்தது இவர் முகத்தைப் பார்க்க வேண்டி வருமே என்றுதான். ஏழாவது வந்தது. எஞ்சின் சத்தம் ஒரு இழைகூட மாறவில்லை. வண்டி ஏறியது, திரும்பியது, வளைவு பின்னால் போய்விட்டது. எட்டு. ஒன்பது. பத்தாவதில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம் வந்து அக்காவின் கையைக் கிள்ளினேன். அவள் திருப்பிக் கிள்ளினாள், என்னைவிடப் பலமாக.

பள்ளிக்கூட வாசலில் தோட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். தட்டுகளை இறக்கியபோது மண்ணில் ஈரம் அப்படியே இருந்தது, ஒரு இலை துவளவில்லை. கடைசித் தட்டு இறங்கியதும் அக்கா கொஞ்சம் தள்ளிப் போய்ப் பழைய இரும்புக்காரருக்கு போன் போட்டாள். நாளைக்கு வர வேண்டாம் என்றாள். அடுத்த திங்களா என்று அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. எந்தத் திங்களும் வேண்டாம், ஒரு டீ குடிக்க வேண்டுமானால் வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அத்தான் டயரைப் பார்ப்பது போலக் குனிந்து நின்று அத்தனையையும் கேட்டார்.

திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் ஏறி, பழக்கம் போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் எஞ்சினைக் கிளப்பினார். ஆனால் கியர் போடவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முன்பக்கப் பலகையோடு ஒட்டி ஒரு துணி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை இத்தனை வருடமும் கை துடைக்கிற துணி என்றே நினைத்திருந்தேன். அதை விலக்கினார். உள்ளே ஒரு ரேடியோ. அந்த வண்டியில் ரேடியோ இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அக்காவைப் பார்த்தேன், அவளுக்கும் அப்போதுதான். அதன் குமிழைப் பிடித்துத் திருகினார். மலைமேல் எந்த நிலையமும் எடுக்கவில்லை, கரகரவென்று வெறும் இரைச்சல்தான் வந்தது. அவர் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்துவிட்டு, வண்டியை நகர்த்தினார்.